டி-யும் எச்-சும்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் விலை பேசுகிறவர்களிடையே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மூன்று பாஷைக்காரரும் ஊர்ப் பெயரைப் பிசகாமல் சொல்லுகிறார்கள். தகராறெல்லாம், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் நிற்கும் பெயர்ப் பலகையால் வருவதுதான். சென்ற மாதம் வடதேசத்து லாரி ஓட்டுநர் ஒருவர் நம்மை நிறுத்தி, "குண்டாரப்பள்ளி எங்கே?" என்று, நடுவில் ஒரு பெருமூச்சையும் சேர்த்துக் கேட்டார். அவர் நின்றுகொண்டிருந்ததே குந்தாரப்பள்ளியில்தான்!

அவரைக் குறை சொல்லுவதற்கில்லை. பலகையில் 'த'வுக்குப் பதிலாக 'டி, எச்' என்ற இரண்டு எழுத்துக்கள் இருக்கின்றன. வடக்கே 'த'வுக்கு டி ஒன்றே போதும். பக்கத்தில் எச் வந்தால் மூச்சை அழுத்தி ஒலிக்க வேண்டுமென்று பொருள். தெற்கேயோ நாம் டி-யை 'ட'வுக்குக் கொடுத்துவிட்டு, 'த'வுக்கு எச்-சைத் துணைக்கு அனுப்புகிறோம். பாடகி லதா மங்கேஷ்கரின் பெயரில் எச் இல்லை. நம் வீட்டு லதாக்களுக்கெல்லாம் உண்டு.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமானால் இந்த வாரம் வேறு ஏதாவது எழுதியிருப்போம். நம்மிடம் படித்த பெண்ணொருத்திக்கு ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. கீதா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவள் பெயருக்கு எச் உண்டு. அடையாள அட்டையில் இல்லை. இருவரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பனார் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவர். அவர் மூன்று வாரம் பிழைப்பை விட்டுவிட்டு ஒரு எச்-சுக்காக அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார்.

இந்த இரட்டை எழுத்து இங்கிலீஷ்காரருக்கே சொந்த எழுத்தல்ல. அவர்கள் பாஷையில் பழைய நாளில் இந்த ஓசைக்கு 'தார்ன்' என்று தனி எழுத்தே இருந்தது. முள் என்று அர்த்தம். 1476-ல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது, ஐரோப்பாக் கண்டத்து வழக்கப்படி வார்த்த அச்செழுத்துக்களில் அந்த முள் இல்லை. சில இடங்களில் அதன் சாயலுள்ள 'ஒய்' எழுத்தைப் போட்டு ஒப்பேற்றினார்கள். மற்ற இடங்களிலெல்லாம் டி-யும் எச்-சுமே நிலைத்தன. ஐஸ்லாந்துக்காரர்கள் மட்டும் அந்த எழுத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்நிய நாட்டு அச்சு வந்ததால் ஓர் எழுத்தைப் பறிகொடுத்த ஜாதியார், பிற்காலத்தில் நம் ஊர்ப் பெயர்களைத் தங்கள் எழுத்தில் அடைக்கப் புறப்பட்டார்கள் என்பது வேடிக்கையல்லவா?

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெற்றோர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இங்கே இருக்கிறது. இந்த ஜோடி எழுத்துக்கு இங்கிலீஷில் இரண்டு ஓசைகள். ஒல்லி என்று பொருள்படும் 'தின்', வியாழக்கிழமையாகிய 'தர்ஸ்டே' முதலியவற்றில் அழுத்தமாக வரும். நம் தளி என்ற ஊர்ப் பெயரின் முதலெழுத்தைப் போல. 'திஸ்', 'தட்', 'தென்' போன்ற சுட்டுச் சொற்களில், குந்தாரப்பள்ளியின் 'தா'வைப் போல மென்மையாக வரும். எது எங்கே என்று இங்கிலீஷ் எழுத்துக் காட்டிக் கொடுக்காது. தமிழில் எழுதிப் பார்த்தால் பல இடங்களில் தானே தெரிந்துவிடும்: 'ஃபாதர்', 'மதர்', 'பிரதர்' எல்லாம் ஒற்றைத் 'த', 'ஆத்தர்', 'மெத்தட்' இரண்டும் இரட்டைத் 'த்த'. ஒற்றை மென்மை, இரட்டை அழுத்தம். நம் காது தொல்காப்பியர் காலத்திலிருந்து பழகிய கணக்கு இது. ஆனால் அசல் இங்கிலீஷ் ஓசை நம் 'த' அல்ல. நாக்கு நுனி மேற்பற்களைத் தொட்டும் தொடாமலும் நிற்க, இடையே காற்றுக் கசிய வேண்டும்.

மூன்றாவதாக, எச் வெறும் அலங்காரமாக நிற்கும் சொற்களும் உண்டு. லண்டன் நதியின் பெயரை எழுதும்போது எச் இருக்கும், சொல்லும்போது 'டெம்ஸ்'தான். 1792-ல் பாராமஹால் கும்பெனியார் வசமானபின் ரீடு துரைக்கு உதவியாக வந்து, 1799 வரை இந்தச் சீமையில் நிலவரி ஏற்பாடு செய்தவர் மன்றோ. அவருடைய முதற்பெயரை அவர் இனத்தார் 'டாமஸ்' என்றே உச்சரிப்பார்கள். எழுத்தைப் பார்த்து நாம் தாமஸ் ஆக்கிக்கொண்டோம்.

எழுத்தைப் பார்த்து நாக்கை மாற்றிக்கொள்ளுவது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. 'ஆத்தர்' என்ற சொல் முன்பு 'ஆட்டர்' என்பது போலத்தான் ஒலித்தது. பண்டிதர்கள் எச் ஒன்றைச் செருகினார்கள், ஜனங்களின் நாக்கும் பின்னாலேயே போயிற்று. சிம்மாசனத்தைக் குறிக்கும் 'த்ரோன்' கதையும் அதுவே. நம் படித்தவர்கள் தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்று சொன்ன நாட்களும் இருந்தன.

2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் 1,018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்துக்களைத் திருத்தி உத்தரவு வெளியிட்டது. கோயம்புத்தூரின் 'த்தூ'வுக்காக டி-எச் ஜோடி அடுத்தடுத்து இரு முறை வந்தது. நோக்கம் நல்லதுதான், ஆனால் பார்த்தவர்கள் மிரண்டு போனார்கள். அதே மாதத்தில் உத்தரவு வாபஸாயிற்று.

ஓசூருக்கு அருகில், 1878-ல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இந்த ஜோடி எழுத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலீஷ்காரர் ஒருவர் அதைப் படித்தால், வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்த அவர்களுடைய பழைய இடி தேவன் தாரின் கோயிலூர் என்று நினைத்தாலும் நினைக்கலாம்!

கீதாவின் அட்டையில் இப்போது எச் ஏறிவிட்டது. வேலையிலும் சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். தமிழில் போட்டாள்.