நாத்துக்கு எதுக்குங்க முட்டு?

மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் போனா வாழைத் தோட்டத்துல சவுக்குக் கம்பு வச்சு முட்டு குடுத்திருக்கறதைப் பார்க்கலாம். எப்போ குடுப்பாங்க? தார் தள்ளி, கனம் தாங்காம மரம் சாயற நேரத்துல. நட்ட மாசமே கன்னுக்கு முட்டு குடுத்த விவசாயியை நான் பார்த்ததில்லீங்க. ஆனா எங்களை மாதிரி பொட்டி தட்டற கோஷ்டி இருக்கே... ரெண்டு இலை விட்ட பேசில் நாத்துக்குப் பல்குத்தும் குச்சியை ஊனி, நூல் கட்டி, போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடறாங்க. "சாயுது பாஸ், என்ன ஸ்டிக் வாங்கலாம்?"னு கேள்வி வேற :-)

மண்ணில்லாம, சத்து கரைச்ச தண்ணியில வீட்டுக்குள்ளயே செடி வளர்க்கற ஹைட்ரோபோனிக்ஸ் மேட்டர்தான் இது. புதினா, கொத்தமல்லி, பேசில்னு ஆளாளுக்கு ஒரு பொட்டி வச்சிருக்காங்க. (பேசில்னா ஏதோ இத்தாலிச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான், சப்ஜா விதை அதுலதான் வருது.) குச்சி, கிளிப்பு, வளையம்னு ஒரு செட்டே விக்கறாங்க. என்னைக் கேட்டா அதுல முக்கால்வாசி தண்டம்.

பிடிமானமே வேண்டாம்னு சொல்லலை. மண்ணு செடிக்குத் தண்ணி தருது, சத்து தருது, அதோட வேரைப் பிடிச்சு நிறுத்துது. முதல் ரெண்டையும் கரைசல் பார்த்துக்கும், மூணாவதை நாமதான் செய்யணும். கலிபோர்னியாவில் 1930-களில் இதைப் பிரபலமாக்கிய கெரிக், தொட்டி மேல கம்பி வலை விரிச்சு அதுல செடியை நிறுத்தினார். 1940-களில் நம்ம நாட்டுல, காலிம்போங்ல, ஷோல்ட்டோ டக்ளஸ் ஜல்லியை வச்சே வேலையை முடிச்சார். நமக்கு இன்னும் சுலபம். பொள்ளாச்சித் தேங்காநார்க் கழிவு வெளிநாட்டுப் பசுமைக்குடிலுக்கெல்லாம் கப்பல் ஏறுது, நாம என்னடான்னா ஆன்லைன்ல ஸ்பாஞ்ச் வாங்கிட்டிருக்கோம். ஓட்டை போட்ட சின்னக் கப்பு, அதுல கழுவின நார்க்கழிவு, மேல கொஞ்சம் களிமண் உருண்டை. வேருக்கு இது போதும். உப்பு போகக் கழுவினதாப் பார்த்து வாங்குங்க, கழுவாதது நாத்தைக் கருக்கிடும்.

இப்படி வேர் கெட்டியா நின்னும் தண்டு சாயுதுன்னா, அங்க கோளாறு வேற. பத்துக்கு எட்டு தடவை வெளிச்சம்தான். உச்சி வெயில் கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ். ராத்திரி ட்யூப்லைட் எரியற ஹால்ல சில நூறு லக்ஸ்தான். நம்ம கண்ணு ரெண்டுக்கும் பழகிக்கறதால, "நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு"னு தோணுது. செடி அப்படி ஏமாறாது. வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கிட்டே போகும், தடிக்காது. நுனிதான் வெளிச்சத்தை உணருது, வளையறது அதுக்குக் கீழங்கறதை டார்வினும் அவர் மகனும் புல் முளை நுனிக்குத் தொப்பி மாட்டிப் பார்த்து 1880-லயே எழுதிட்டாங்க. இப்படி நீண்டு போன நாத்துக்குக் குச்சி ஊனறது, எர்ரர் வர்ற இடத்துல ட்ரை-கேட்ச் போட்டு முழுங்கற மாதிரி. ஸ்கிரீன் சுத்தமா இருக்கும், பக் உள்ளயே உக்காந்திருக்கும்.

இதுல இன்னொரு கூத்து, கட்டி வச்ச தண்டு இன்னும் பலவீனமாகும். ஆட்டி, தடவி விட்டா செடி குட்டையா, தடிப்பா வளரும். ஜாஃபேங்கறவர் 1973-ல இதுக்கு ஒரு பெரிய கிரேக்கப் பேரே வச்சார் (எனக்கு வாயில நுழையலை). வெளிய காத்து செய்யற அந்த வேலையை வீட்டுக்குள்ள மெதுவா ஓடற ஃபேன் செய்யும். இல்லைன்னா காலைல காபி குடிக்கறப்ப உள்ளங்கையால நாத்து மேல நாலு தடவை தடவி விடுங்க. செலவில்லை.

ஒரு விஷயத்துல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க. நாத்தோட அடித்தண்டு நூலா மெலிஞ்சு, பழுப்பாகி, ஒரே ராத்திரியில படுத்துட்டா அது நாற்றழுகல் நோய். நார் எப்பவும் சொதசொதன்னு இருந்தாலோ, சித்திரை வெயில்ல கரைசல் சூடாகி அதுல ஆக்ஸிஜன் குறைஞ்சாலோ இது வர வாய்ப்பு அதிகம். குச்சி கட்டி நிறுத்தறது இங்க எதுக்கும் உதவாது. எடுத்துப் போட்டுட்டு, கப்பைக் கழுவிட்டுத்தான் அடுத்தது.

எங்க முட்டு நியாயம்னா, தக்காளி, வெள்ளரி மாதிரி காய் கனம் ஏர்ற செடிக்கு. பசுமைக்குடில்ல மேல இருந்து கயிறு இறக்கறது அதுக்குத்தான். பேசில் பெருசாகித் தலை கனத்தா, கம்பைத் தேடாம நுனியைக் கிள்ளிப் போடுங்க, ரெண்டா கிளைக்கும். கிள்ளினது ரசத்துக்கு ஆகும் (அம்மா ஒத்துக்க மாட்டாங்க, அது வேற கதை).

ஏற்கனவே நீண்டு போன பேசில் நாத்தா? விதையிலை வரைக்கும் கப்புக்குள்ள இறக்கி, சுத்தி உருண்டை போட்டு நிரப்புங்க. புதைஞ்ச தண்டுலயும் வேர் விடும். கொத்தமல்லிக்கு இந்த வித்தை செல்லாது, திரும்ப விதைக்கறதுதான் வழி. ஒரு காய்க்குள்ள ரெண்டு விதை, ரெண்டாப் பொளந்து போடணும். முளைக்க 8 நாளிலிருந்து 15 நாள் வரை ஆகும். அதுக்குள்ள எல்.இ.டி. லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டிடுங்க.