கண்காணிப்புக் குழுவில் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நாற்காலி உண்டு

காவல்துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும் நாளில் நம் தொகுதி உறுப்பினர் என்ன பேசினார் என்று நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? புதிய காவல் நிலையம் வேண்டும், பழைய ஜீப்பை மாற்ற வேண்டும், காவலர் குடியிருப்பு கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். தப்பில்லை. ஆனால் அந்த நிலையத்துக்குப் புகார் கொண்டுபோன நம் ஆளை இரவு முழுக்க வாசலில் உட்காரவைத்து, விடிந்ததும் எதிர்த்தரப்பிடமும் ஒரு புகாரை எழுதி வாங்கி, இரண்டு வழக்காகப் போடுகிறார்களே, அதைப் பற்றி அவைக்குள் குரல் எழுவது அபூர்வம்.

அவை இருப்பது சென்னையில். நம் மாவட்டத்திலேயே கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்காக 1995-இல் வகுத்த விதிகளில் 17-ஆவது விதி, மாவட்டம்தோறும் ஒரு குழு அமைக்கச் சொல்கிறது. ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். மாவட்டத்தின் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், எந்தச் சாதி, எந்தக் கட்சி என்றாலும், உறுப்பினர்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களிலிருந்து ஐந்து பேர் வரை அலுவல் சாரா உறுப்பினர்களாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

இதற்கு நம் அலுவலகங்கள் வைத்திருக்கும் பெயர் ‘விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு’. விழிப்புணர்வு என்றதும் துண்டுப் பிரசுரமும் பேரணியும்தான் நினைவுக்கு வருகின்றன. சட்டம் சொன்னது அதுவல்ல. அதிகாரிகள் மேல் விழி வைத்திருக்கும் குழு இது. சில அரசு ஆவணங்களில் வரும் ‘விழிக்கண்’ என்ற சொல்லே பொருத்தம்.

வழக்குகள் எப்படி நடக்கின்றன, தீருதவித் தொகை போய்ச் சேர்ந்ததா என்பதோடு, சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதையும் இந்தக் குழு ஆராய வேண்டும் என்கிறது விதி. அதிகாரிகளின் வேலையை ஆராயும் கூட்டத்துக்குத் தலைவரும் அதிகாரி, பதில் சொல்ல வேண்டியவரும் அதிகாரி. அந்த அறையில் இடமாற்றத்துக்குப் பயப்படாத ஆள் யார்? ஓட்டு வாங்கி வந்தவர்தான். அவர் நாற்காலி காலியாக இருந்தால், அல்லது தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினால், அதிகாரிகள் தங்களுக்குத் தாங்களே அறிக்கை வாசித்துக்கொள்கிறார்கள்.

கேட்பதற்கா பஞ்சம்? அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்குகள் எத்தனை, ஏன்? விடுதலையான வழக்குகளில் எத்தனைக்கு மேல்முறையீடு போனது? இன்னொன்றும் கேட்க வேண்டும். சட்டத்தின் 4-ஆவது பிரிவு, புகாரைப் பதிவு செய்யாமல் வேண்டுமென்றே கடமை தவறும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. நிர்வாக விசாரணை நடத்தி, அதன் பரிந்துரையின் பேரில்தான் குற்றம் சுமத்த முடியும் என்று பூட்டும் போட்டிருக்கிறது. இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனை விசாரணை நடந்தது? சாவி இருக்கும் அறையில்தான் உறுப்பினர் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு மக்கள் பிரதிநிதி விடாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அரூர் அருகே உள்ள அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தன. வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் ஏ.நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-இல் அதை உறுதி செய்த உயர் நீதிமன்றம், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

1992-இல் 17-ஆவது விதி கிடையாது. இன்று இருக்கிறது. வாச்சாத்தியில் எந்த இரண்டு பதவிகளை நீதிமன்றம் சுட்டியதோ, அதே ஆட்சியரும் எஸ்.பி.யும்தான் குழுவில் தலைவரும் உறுப்பினரும். அதனால்தான் மக்கள் பிரதிநிதியின் நாற்காலியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

மாநில அளவிலும் குழு உண்டு. முதலமைச்சர் தலைமையில் ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் தனித் தொகுதிகள் மட்டும் 46. அத்தனை பேரும் ஒரே அறையில் வாய் திறந்தால் எந்த அரசும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கட்சிக் கொறடாவின் முகம் பார்க்காமல் திறப்பார்களா என்பது வேறு கதை.

சட்டத்திலேயே ஒரு குறை உண்டு. மாநில அரசு ஆண்டுதோறும் மார்ச் 31-க்குள் மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். காவல்துறையோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் அந்த அறிக்கையைச் சட்டமன்றத்தின் மேசையில் வை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. நம் தெருவில் நடந்ததன் கணக்கு டெல்லிக்குப் போகிறது, கோட்டைக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்காமல், மாநில அரசு தானே முன்வந்து அதை அவையில் வைக்கலாம். தடை எதுவும் இல்லை. வரும் கூட்டத் தொடரிலேயே வையுங்கள் என்று கேட்கிறோம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் மாவட்டக் குழு கூடிய தேதிகள், வருகைப் பதிவு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை மறைத்துவிட்டுத் தரும்படி மனுவிலேயே எழுதிவிடுங்கள், அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வந்ததும் வருகைப் பதிவின் நகலை ஊர்ச் சாவடியில் ஒட்டுவோம்.