தோற்றுக் காட்டி ஜெயிப்பவர்கள்... பூல் மேஜையில் வெள்ளைப் பந்தைக் கவனியுங்கள்!

அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊர். வெள்ளிக்கிழமை இரவு, பாரின் மூலையில் ஒரு பூல் மேஜை. உள்ளூர் இளைஞர் ஒருவர் தனியாகப் பந்துகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். வெளியூர்க்காரர் ஒருவர் வருகிறார். சுவரில் சாத்தியிருக்கும் குச்சிகளில் ஏதோ ஒன்றை எடுத்து, "ஆடி ரொம்ப நாளாச்சு. சும்மா 5 டாலர் வச்சு ஆடலாமா?" என்கிறார்.

முதல் ஆட்டத்தில் வெளியூர்க்காரர் தோற்கிறார். இரண்டாவதிலும் தோல்வி. மூன்றாவது ஆட்டமும் கையைவிட்டுப் போக, முகம் சிவந்து, "விட்டதை எடுக்கணும், 20 ஆக்கிக்கலாமா?" என்கிறார். இளைஞருக்குக் கசக்குமா என்ன? ஆனால், நள்ளிரவில் பார் மூடும்போது அவருடைய வாரச் சம்பளம் வெளியூர்க்காரரின் பாக்கெட்டில் இருக்கும். இப்படி ஆடுபவருக்கு அங்கே 'ஹஸ்லர்' என்று பெயர்.

இதில் ஆட்ட விதி எதுவும் மீறப்படவில்லை. பந்தை மாற்றவில்லை, கணக்கைத் திருத்தவில்லை. தனக்கு எவ்வளவு ஆடத் தெரியும் என்பதை மட்டும் மறைத்தார். அதனால் பணத்தை விட்டவர் யாரிடமும் போய் முறையிட முடியாது. நம்மூர் கேரம் போர்டில், "எனக்கு எங்கப்பா ஆடத் தெரியும்" என்று பவுடர் தட்டியபடி உட்காரும் மாமாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. என்ன, மாமாக்கள் சம்பளப் பணத்தைக் கேட்பதில்லை!

இந்த உலகத்தை ஊரறியச் செய்தது வால்டர் டெவிஸ் 1959-ல் எழுதிய 'தி ஹஸ்லர்' நாவல். 1961-ல் அது பால் நியூமன் நடித்த படமானது. படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. போதையில் இருப்பதுபோல நடிக்கும் எடி, கஷ்டமான ஒரு ஷாட்டை அடித்துவிடுகிறான். 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று கூட வந்தவர் சொல்ல, மறுபடியும் அடிக்கிறேன் என்று பந்தயம் கட்டித் தவறவிடுகிறான். கூட்டாளி ஒதுங்கிக்கொள்ள, அங்கிருப்பவர்கள் ஆசையோடு பணத்தை வைக்கிறார்கள். அப்புறம் பந்து பிசகுவதே இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலானவர்கள் குழியில் விழும் பந்துகளை எண்ணுகிறார்கள். ஹஸ்லர் விரும்புவதும் அதைத்தான். பார்க்க வேண்டியது வெள்ளைப் பந்தை. ஆடத் தெரியாதவர் தவறவிட்டால் வெள்ளைப் பந்து எங்காவது போய் நிற்கும். பல நேரம் எதிராளிக்கு வசதியான இடத்தில். பந்தயம் ஏறிய பிறகு ஹஸ்லர் தவறவிட்டாலோ அது இன்னொரு பந்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எதிராளிக்கு அடிக்க வழியே இருக்காது. ஒரு முறை நடந்தால் தற்செயல். நாலு முறை நடந்தால்?

அடுத்தது, மேஜைத் துணியின் மேல் குச்சியைத் தாங்கும் கை. புதியவர்களுக்கு அந்த விரல்கள் ஆடும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறும். வருஷக்கணக்கில் ஆடிய கையோ பாறைபோல நிற்கும். ஷாட்டைச் சொதப்புவது சுலபம், பழகிய கையைச் சொதப்ப வைப்பது கஷ்டம்.

'நைன் பால்' ஆட்டம் என்றால் கூடுதல் உஷார் தேவை. மேஜையில் இருப்பதிலேயே குறைந்த எண் உள்ள பந்தை முதலில் தொட வேண்டும், 9-ம் எண் பந்தைச் சரியாக விழவைத்தவர் ஜெயித்தார். மற்ற பந்துகளை யார் போட்டார்கள் என்பது கணக்கே இல்லை. அதனால் எந்த வெற்றியையும் அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பெரிய பந்தயத்தில் மட்டும் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப அதிர்ஷ்டம் அடித்தால், அது அதிர்ஷ்டமா?

தாராள மனசும் ஒரு அடையாளம்தான். "நீ 8-ம் பந்தைப் போட்டாலும் ஜெயிச்சதா வச்சுக்கலாம்" என்று சலுகை தருவார்கள். இருவரின் பலமும் தெரிந்தவர் பேரம் பேசுகிறார், தன் பலம் மட்டுமே தெரிந்தவர் ஒப்புக்கொள்கிறார். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்காக நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று அர்த்தமில்லை. திறமையை மறைக்காமல் ஆடுபவரிடம் 5 டாலர் தோற்றால் அது டியூஷன் ஃபீஸ்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூடச் சறுக்குவார்கள். 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் அதே எடி, வயதான கில்லாடியாக வருகிறார். ஃபாரஸ்ட் விட்டேகர் நடித்த வெகுளியான இளைஞனிடம் ஆட்டத்துக்கு ஆட்டம் பணத்தை விடுகிறார். விஷயம் புரிந்ததும் அவருக்குக் கோபம் வருவது தன்மீதுதான். அந்தப் படத்துக்காகத்தான் நியூமனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஜெயிக்கும் ஆசை வந்துவிட்டால் கண் பந்துகளைத்தான் பார்க்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. தோற்றவர் பந்தயத்தை ஏற்றச் சொல்லும் அந்த நிமிடத்தில், "அதே 5 டாலருக்குன்னா ஆடலாம், இல்லைன்னா காசே வேண்டாம், சும்மா ஆடலாம்" என்று சிரித்தபடி சொல்லிப் பார்க்கலாம். ஆட வந்தவர் அடுத்த ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்குவார். ஹஸ்லருக்குத் திடீரென்று நேரமாகிவிடும்.