காற்று வீசாத வர்ணனை

மும்பை வான்கடே மைதானத்துக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் அரபிக்கடல். கிழக்கே ஒட்டினாற்போல் சர்ச்கேட் ரயில் பாதை. பிற்பகலில் கடல்காற்று எழுந்தால் உயரத் தூக்கி அடித்த பந்தின் போக்கே மாறும். வானொலியின் கிரிக்கெட் நேர்முக வர்ணனைக்கு உயிர் கொடுத்தவை இப்படிப்பட்ட செய்திகள்தான். அவை காணாமல் போய்வருவது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

இந்தக் கலை வளர்ந்த ஊர்களில் பம்பாய் முதன்மையானது. 1930களில் இங்கே நான்கு அணிகள் மோதிய நாற்கோணப் போட்டிகளை பாபி தல்யார்கான் தனி ஆளாக, உணவு, தேநீர் இடைவேளை நீங்கலாக நாள் முழுதும் பேசி ஒலிபரப்பினார். 1948-49இல் வெஸ்ட் இண்டீஸ் அணி வந்தபோது, மூவர் பகிர்ந்து பேசவேண்டும் என்று அகில இந்திய வானொலி முடிவு செய்ய, அவர் விலகிக்கொண்டார். பிறகு அனந்த் செதல்வாட், சுரேஷ் சரையா. தமிழில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். கலப்பில்லாத தமிழிலும் ஓட்டத்தின் வேகம் குறையாது என்று காட்டியவர், 2020இல் மறைந்தார்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பந்து வீச்சாளர் திரும்பி நடக்கும்போதே யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். அவர் ஓடிவந்து வீசி, மட்டையில் பட்டு, பந்து போன திசை, எடுத்துப் போட்ட கை, ஓடிய ரன், மொத்த ஸ்கோர் எல்லாம் அரை நிமிடத்துக்குள். அடுத்த பந்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். மேகம், புல்லின் ஈரம், நீளும் நிழல், ஆடுகளத்தில் விழுந்த வெடிப்பு எல்லாம் அந்த இடைவெளியில்தான் உள்ளே வந்தன. இன்று அதே இடத்தை விளம்பரமும் ஸ்ட்ரைக் ரேட்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

பேஸ்பால் விளையாடும் அமெரிக்காவிலும் இந்தக் கலை இருந்தது. புரூக்ளின் அணியின் வானொலிக் குரலான ரெட் பார்பர், மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை எதிரே வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால், 1846இல், அதே புரூக்ளினில் பத்திரிகையாளராக இருந்த வால்ட் விட்மன், ஊர்ப்புறத்தில் இளைஞர்கள் பந்தாடுவதைப் பார்த்து எழுதினார். பின்னாளில் புல்லைப் பாடிய கவிஞருக்கும் செய்தி எழுதிய நிருபருக்கும் கண் ஒன்றுதான். இன்னொரு அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1915இல் வெளியிட்ட பிர்ச் மரக் கவிதையில் ஒரு சிறுவன் வருகிறான். பேஸ்பால் கற்க முடியாத அளவுக்கு ஊரைவிட்டுத் தள்ளி இருப்பவன், மரத்தை வளைத்து ஊஞ்சலாடுகிறான். இவர்களுக்கு இயற்கை பக்கத்தில் நின்று பார்த்த பொருள், அலங்காரமல்ல. விட்மனைப் பற்றிக் கட்டுரை எழுதிய பாரதி, காற்றையும் ஞாயிற்றையும் வசன கவிதையாக்கியதும் அந்தப் பார்வையால்தான்.

பக்கத்தில் நிற்காமல் அந்தப் பார்வை வராது. 1938இல் இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் போட்டியை ஆஸ்திரேலிய வானொலி சிட்னி ஸ்டுடியோவிலிருந்து கொடுத்தது. வந்த தந்திகளை வைத்து வர்ணித்து, மரத்தில் பென்சிலால் தட்டி மட்டைச் சத்தம் எழுப்பினார்கள். அன்று வேறு வழியில்லை. இன்றோ மாநில மொழி வர்ணனைகள் பலவும் ஸ்டுடியோத் திரையைப் பார்த்தே பேசப்படுகின்றன. கேமரா காட்டாத எதுவும் அந்தப் பேச்சில் வராது.

மைதானத்துக்குத் திரும்ப வழி இருக்கிறது. தனியார் எஃப்எம் நிலையங்களுக்கான மூன்றாம் கட்ட விதிகள் (2011) உள்ளூர் விளையாட்டுகளுக்கு நேரடி வர்ணனை தர இடம் கொடுக்கின்றன. அந்த அனுமதி எனக்குத் தெரிந்தவரை மும்பையில் சும்மா கிடக்கிறது. 1948இல் இங்கே தொடங்கிய காங்கா லீக் மழைக்காலக் கிரிக்கெட் போட்டி: ஈர ஆடுகளம், முழங்கால் தொட வரும் புல், தரையோடு அடித்தால் பாதியில் நின்றுவிடும் பந்து. ஆசாத் மைதானத்திலும் மாட்டுங்கா தட்கர் மைதானத்திலும் இது நடக்கும்போது சொல்வதற்கு என்ன பஞ்சம்? தாராவியிலும் செம்பூரிலும் இந்தி, மராத்தி, தமிழ் மூன்றையும் தெருவிலேயே கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகாஷ்வாணி மும்பையோ ஓர் எஃப்எம் நிலையமோ அவர்களில் சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, வரும் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றையாவது மைதானத்திலிருந்தே ஒலிபரப்ப வேண்டும். அதில் ஒரு மணி நேரம் தமிழுக்கு ஒதுக்க வேண்டும்.