பாஸை அழித்தது யார்?

காஞ்சிபுரத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகள் எல்லாமே அரசு கொடுத்தவை. அண்ணனுக்குக் கிடைத்தது தம்பிக்கு, அக்காவுக்குக் கிடைத்தது தங்கைக்கு என்று கைமாறி வந்தவை. பாட்டரி செத்துப்போய், மின்கம்பி சொருகியிருந்தால் மட்டுமே உயிரோடு இருப்பவை. போன மாதம் ஒன்பது கணினிகளை வரிசையாக வைத்துத் திறந்து பார்த்தோம். எட்டில் பாஸ் இல்லை. ஒன்பதாவதில் இருந்தது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது இருப்பதே தெரியாது. “அது ஏதோ வைரஸ்னு சொன்னாங்க அக்கா, அதான் தொடலை” என்றாள்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் இருக்கும் ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கக் கூடியது. விலை கிடையாது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து இதுவும் நம் பிள்ளைகளின் வீட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. கணினி வாங்கிய வாரத்திலேயே கடைக்குப் போய், முந்நூறோ ஐந்நூறோ கொடுத்து, “ஃபார்மட்” அடித்து, திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டு வருவது ஒரு சடங்காகவே நடந்தது. விடுதிப் பிள்ளைகள் அந்தக் காசுக்கு எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் நன்றாக இருக்காது.

அழித்தது கடைக்காரர் இல்லை. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்கூட இல்லாமல் பெட்டியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியவர்கள்தான் அழித்தார்கள் என்பது எங்கள் கருத்து.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகளில் முறையாக ஏறாது; டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதிய தலைமுறைச் செயலி வேண்டும். நம் காலனிகளில் கிடக்கும் அரசு மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் குப்பை. புதிதாக வாங்கு என்கிறார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? இதே கதை 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுத்தப்பட்டபோதும் நடந்தது. அப்போது தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது. அரசு அலுவலகத்துக்கு ஒரு வழி யோசித்தவர்கள், அரசு கொடுத்த கணினியை வைத்திருக்கும் மாணவருக்கு இன்று என்ன யோசித்தார்கள்?

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இந்த அரசியலைப் புரியவைக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, தறிக்குப் போனால் போதும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்குகின்றன. எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. கணினிக்கு அட்டையில் துளையிட்டுக் கட்டளை கொடுக்கும் யோசனை இந்தப் பெட்டியிலிருந்துதான் போனது. கூலிக்கு நெய்பவருக்கு அட்டையும் பாவும் ஊடும் முதலாளி கொடுப்பது. பார்டரில் அன்னம் போட்டு ஒரு சேலையை இருபது நாள் உட்கார்ந்து நெய்தவருக்கு அந்த அன்னத்தின் அட்டை சொந்தமில்லை. அதை மாற்ற முடியாது, பக்கத்துத் தறிக்காரருக்குக் கொடுக்க முடியாது. மென்பொருளில் ‘மூலநிரல்’ என்று சொல்வது இந்த அட்டையைத்தான். விண்டோஸின் அட்டை கம்பெனியிடம் இருக்கிறது. லினக்ஸின் அட்டையை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துத் தெருவுக்கே கொடுக்கலாம். அதற்குச் சட்டப்படியான உரிமம் உண்டு. இதைச் சொன்ன அன்றுதான் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இதே தறிகளில் முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட வரலாறும் நம் ஊருக்கு உண்டு. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருக்கிறது. அந்தக் கொடுமையோடு ஒரு மென்பொருளை ஒப்பிடுவது அதிகப்படி, ஒப்பிடவில்லை. ஆனால் முதலில் சும்மா கிடைப்பது போல வந்து, பழகிய பிறகு வெளியே போக வழி இல்லாமல் செய்யும் எதையும் நாம் இரண்டு முறை பார்க்க வேண்டும். நம் பெரியவர்கள் பட்ட பாடு அப்படி.

இந்த வரலாற்றில் நம்மவர் ஒருவர் இருக்கிறார், இளைஞர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சி. உமாசங்கர், இ.ஆ.ப., தலித் அதிகாரி. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு சூசே லினக்ஸ் ஏற்றிய கணினிகள் போக வழி செய்தார். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழ் பொய் என்று குற்றம்சாட்டி அரசு அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. ஊழலை விசாரித்ததற்கான பழிவாங்கல் என்றார் அவர். போராட்டங்கள் எழுந்தன, அதே ஆண்டில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸுக்காகத்தான் அது நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அவருடைய பிற்கால மதப் பிரச்சார சர்ச்சையும் வேறு விஷயம். ஆனால் இவ்வளவு பெரிய மாநிலத்தில் கட்டற்ற மென்பொருளை அரசுக்குள் கொண்டுபோன ஒரு தலித் அதிகாரியின் பெயரைக் கணினித் துறை மாணவர்களுக்கே யாரும் சொல்வதில்லை என்பது எங்களுக்கு உறுத்துகிறது.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். போன வாரம் கல்லூரி மாணவி ஒருவர் நேராகவே கேட்டார்: “எங்களுக்குன்னா மட்டும் ஓசியில கிடைக்கிறதைத்தான் குடுப்பீங்களா? பணக்காரப் பசங்க இதையா யூஸ் பண்றாங்க?” நல்ல கேள்வி. தனிக்குவளையைக் கண்ட சமூகத்துக்கு இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் தவறு. உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகள் எல்லாமே 2017இலிருந்து லினக்ஸில் ஓடுகின்றன, உன் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அதே லினக்ஸ் கருவகம்தான் என்று சொன்னோம். அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. டேலியும் சில ஆன்லைன் தேர்வு மென்பொருள்களும் விண்டோஸைத்தான் கேட்கின்றன. வேலைக்குப் போகும் இடத்தில் எக்செல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். அதனால் எங்கள் படிப்பகத்தில் இரண்டையும் வைத்திருக்கிறோம். விண்டோஸை வெறுக்கச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை இல்லை. நம் அக்கா தங்கைகள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் நாள் முழுக்க நின்று கைபேசி கோக்கிறார்கள். அந்தக் கைபேசிக்குள் என்ன ஓடுகிறது என்று திறந்து பார்க்கிறவர்களாக அடுத்த தலைமுறை வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலில் வைத்தார்கள், பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வும் வைத்தார்கள். அங்கே யாரும் அதைக் கடையில் கொடுத்து அழிக்கவில்லை, அழித்தால் பரீட்சை எழுத முடியாதே! பெங்களூரில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக அம்பேத்கர் பெயரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்திய கணினி மையத்தில் பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். இங்கேயும் ஆள் இல்லாமல் இல்லை. நம் ஊர்ப் பெயரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இணையவழியில் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள். கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றிய தமிழ் நூல்கள் விலையில்லாமல் கிடைக்கின்றன. மென்பொருள் விடுதலை பேசும் அரங்குகள் சிலவற்றுக்கு நாங்கள் போயிருக்கிறோம். அங்கே நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு இருப்பதைவிட உள்ளே போய் உட்கார்ந்து கேள்வி கேட்பது நல்லது.

2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாங்கள் கேட்பது இதுதான்: ஒவ்வோர் ஆதிதிராவிடர் நல விடுதியிலும் மாதம் இரண்டு நாளாவது சொல்லிக்கொடுக்க ஓர் ஆளைப் போடுங்கள். பழைய கணினிகளை விடுதியிலேயே சரிசெய்ய ஒரு மேசை கொடுங்கள். மனுவாகவே எழுதியிருக்கிறோம்.

அந்த மனுவை அடித்தது, “வைரஸ்” என்று பயந்த அதே பெண்தான். பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, பழைய கணினி ஒன்றில் தானே நிறுவி, தமிழ்99 விசைப்பலகையில், லிப்ரே ஆஃபிஸில் அடித்தாள். முதல் முறை நிறுவும்போது தம்பியின் படங்கள் எல்லாம் அழிந்துபோய் வீட்டில் ஏக ரகளை. கோப்புகளை முதலில் வேறு இடத்தில் நகலெடுத்து வைக்கச் சொல்ல நாங்கள்தான் மறந்துவிட்டோம். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கலெக்டர் அலுவலகம் போகிறோம். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்குள் வாசலுக்கு வந்துவிடுங்கள். ஜெய்பீம்.