சுண்ணாம்பும் சம்சாரமும்

மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால் மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "வெள்ளையடித்தாயிற்றா?" சென்ற பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை! காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம் புறப்பட்டால் நான் திரும்ப மாலை ஐந்து ஆகும். என் வீட்டுக்காரர் பாங்கியிலிருந்து வர இரவு எட்டு. "பால்காரருக்குப் பணம் கொடுத்தாச்சா?", "கரண்டுக்குக் கட்டியாச்சா?" இவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. அதிலும் பாதி கைபேசியில். பெண் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு வீடு லாட்ஜ் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேர், இரண்டு சாவி!

பொங்கல் சமயத்தில் வெள்ளையடிக்க ஆள் கிடைப்பது, அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் இடம் கிடைப்பது போலத்தான். "நாமே அடித்துவிட்டால் என்ன?" என்றார் அவர். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிறவர் அல்லவா!

எங்களுடையது மாமனார் காலத்து வீடு. செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த சுவர். எட்டு வருஷத்துக்கு முன் கூடத்துக்கு மட்டும் பச்சை பெயிண்டு அடித்தோம். என் ஆசைதான். அவருக்குப் பிடிக்கவில்லை, வாய் திறக்கவும் இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடுமாம். பெயிண்டு பூசினால் அந்த மூச்சு அடைபட்டு, ஈரம் உள்ளேயே தங்கி, மேல்பூச்சு அப்பளம் போல உப்பிவிடுகிறது. எங்கள் கூடமும் அப்படித்தான் ஆகியிருந்தது. பெயிண்டின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. ஆகவே மூன்று மாலை உட்கார்ந்து சுரண்டினோம்.

இரண்டாம் நாள், பச்சைக்குக் கீழே கரிக்கோடுகள் தெரிந்தன. என் மாமியார் எழுதி வைத்த பால் கணக்கு! அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "போன வருஷம் எனக்குப் பிரமோஷன் வந்தது. திருச்சிக்கு மாற்றல். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே?"

"எப்போது கேட்பது? நீ பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய்."

கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. கேட்டிருந்தால் நான் 'போங்கள்' என்று சொல்லியிருப்பேனோ என்னவோ! சொல்லும் பாத்தியதையாவது எனக்கு இருந்திருக்குமே! அன்றிரவு பதினொரு மணி வரை பேசினோம். பேச்சில் பால் கணக்கு வரவே இல்லை.

"திருமலை நாயக்கர் 1636-இல் மகால் கட்டினார். பேரன் சொக்கநாதர் அதிலே பாதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போனார். நம் வீட்டையும் பெயர்க்க வேண்டாமென்று பார்த்தேன்" என்று சமாதானம் சொன்னார். நானா விடுவேன், சரித்திர வாத்தியார் ஆயிற்றே! "1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு மகாலைச் செப்பனிட வைத்தாரே, அதையும் சொல்லுங்கள்!" என்றேன்.

மறுநாள் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். அடுப்பில்லாமலே தளதளவென்று கொதித்தது. சகோதரிகளே, அப்போது கிட்டே நிற்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. இரவெல்லாம் ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் கஞ்சியும் கண்ணுக்குக் குளுமையாகத் துளி நீலமும் சேர்த்து அடித்தோம்.

அடித்த சுவர் அழுக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி மங்கலாய் இருந்தது! "எல்லாம் வீண்" என்று நான் உட்கார்ந்துவிட்டேன். "பொறு, காயட்டும்" என்றார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டுதான் இறுகி வெளுக்கிறது. அவசரப்படுத்தினால் நடக்காது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் கூடம் பளிச்சென்றிருந்தது. இரண்டாம் பூச்சுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்!

மாமியாரின் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்தேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; எங்கள் ஜன்னலுக்கும் ஒரு கௌரவம் கிடைக்கட்டுமே! அந்தப் பால் கணக்கு இருந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு படாமல் விட்டிருக்கிறோம். பொங்கலுக்கு வந்த நாத்தனார், "இங்கே ஏன் அடிக்கவில்லை?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இப்போது அவருக்கு மறுபடியும் பிரமோஷன் பேச்சு அடிபடுகிறது. இந்தத் தடவை கடிதம் வருமுன்னரே சமாசாரம் எனக்கு வந்துவிட்டது!