வெறுந்தாளும் மனவடுவும்

மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை. கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள அத்தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்நேரம் பள்ளிக்கூடம் சென்றிருந்தமையால் உயிர் பிழைத்தனர். திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. சில ஆண்டுகளின் பின் அத்தகைய பிள்ளையொருவன் என் வகுப்பில் வந்தமர்ந்தான். 'மழைக்காலம்' என்னுந் தலைப்பிற் கட்டுரை வரையப் பணித்தேன். ஏனையோர் இரண்டு பக்கம் எழுத, அவன் திகதியை மட்டும் எழுதி வெறுந்தாளைத் தந்தான். சோம்பலென்றெண்ணிப் பூச்சியம் இட்டேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்து பல உயிர்களைக் கொண்டன. அதன்பின் ஆசிரிய நண்பர் ஒருவர், 'நான் கண்ட மண்சரிவு' நல்லதொரு கட்டுரைத் தலைப்பாகுமே என்றார். அச்சொல்லே இதனை எழுதத் தூண்டியது.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்கென வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மலை அவற்றுள் இல்லை. குறிஞ்சியை முருகன் உறையும் நிலமென்றே கற்பித்துவந்த எனக்கும், மலையை அஞ்சுவான் ஒருவன் முன்வரிசையில் இருந்தமை தெரியாது போயிற்று.

மூளையின் ஆழத்தே வாதுமைக் கொட்டையளவாய் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்தை உணர்ந்தவுடன் அது அபாயக்குறி காட்டும். சிறுநீரகங்களின் மேலமர்ந்த சுரப்பிகள் அதிரீனலினையும் கோட்டிசோலையும் குருதியிற் கலப்பிக்கும். இதயம் விரையும், தசை முறுகும். ஆபத்து நீங்கியபின் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி அதனை அடக்கும். உயிர்காக்கும் ஏற்பாடே இது. பெருந்துயருற்றோருட் பலர் காலப்போக்கில் தேறிவிடுவர். சிலரிடத்து அவ்வடக்கம் நிகழ்வதில்லை. நிகழ்ச்சிக்கு இடமுங் காலமுங் குறித்து நினைவில் வைப்பது ஹிப்பொகாம்பஸ் என்னும் பகுதி. அது செவ்வனே தொழிற்படாவிடத்துத் தகரக்கூரையில் விழும் மழையொலியே போதும். அன்றைய காலை இன்று நிகழ்வதாகவே தோன்றும். அந்நினைவு கிளரும்போது பேச்சுக்குரிய புரோக்கா பகுதியின் செயல் குறைதலையும் மூளைப் படங்கள் சிலரிடங் காட்டியுள்ளன. சொல்லையே தொழிலாகக் கொண்ட என்னை இச்செய்தி திகைக்க வைத்தது. அப்பிள்ளைக்கு அன்று சொல்லே வந்திராது. அஞ்சி விழித்திருக்கும் மூளையிற் பாடமும் எளிதிற் பதிவதில்லை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் நலிந்தோரை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு 'மனவடு' எனப் பெயரிட்டார். புண் ஆறிய இடத்து நிற்பதே வடு. தோட்டத்தில் இன்னும் புண்ணே ஆறவில்லை என்பேன். மீரியபெத்தை மக்களை வேறிடஞ் செல்லுமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. செல்லுதற்கு நிலம் வேண்டாவா? லயக் காம்பிராவும் அதனடி மண்ணும் தோட்டத்துக்குரியவை. தொழிலாளிக்கு ஒரு பேர்ச் காணியும் சொந்தமில்லாதபோது, பெயர்ந்து செல் என்பது யாருக்குச் சொன்ன சொல்? சரிவின் பின்னரும் பிழைத்தோர் பலர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ ஈராண்டு கிடந்தனர்.

அச்சந் தெளிதற்கு முதல் மருந்து பாதுகாப்பான இடம் என்பர் உளமருத்துவர். சரிந்த மலைக்குக் கீழேயே பிள்ளையைத் துயிலவிட்டு, 'மனத்தைத் தேற்றிக்கொள்' என்பது எவ்வாறு பொருந்தும்? அங்கே அவனது அச்சம் நோயுமன்று, மெய்யறிவு. ஆதலின் உளநல ஆலோசகரை அனுப்பும் அதிகாரிகள் காணி உறுதியையும் உடன் அனுப்புவாராக.

ஆசிரியர் செய்யக்கூடியது சிறிதே. நடந்ததைச் சொல்லென்று பிள்ளையை வற்புறுத்தல் ஆகாது. தானே சொல்ல வரின் செவிகொடுத்தல் வேண்டும். மணியடிக்கும் நேரம், அமரும் இடம், உடனிருக்குந் தோழன் ஆகியன நாடோறும் மாறாதிருத்தல் அவனுக்கு ஆறுதல். உறக்கமின்மையும் நடுக்கமும் மாதக்கணக்கில் நீடிப்பின், பெற்றாரோடு பேசி மருத்துவமனை உளநலப் பிரிவுக்கு அனுப்புக. பேயோட்டுவார் முந்திக்கொள்வதும் உண்டு. அவரோடு வாதாடி நாளைப் போக்கவேண்டா.

நண்பருக்கு அந்தத் தலைப்பு வேண்டாமென்றேன். 'என் தோழன்' என்று மாற்றிக்கொண்டார். என் பழைய புள்ளிப் புத்தகத்தில் அந்தப் பூச்சியம் இன்னும் இருக்கின்றது.